அண்ணன் டாலாவில், தம்பி வியாசர்பாடியில்

என் தாத்தாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். இருவரும் ரங்கூன் ஆற்றின் தென்கரையில், டாலாவில், ஒரே பலகை வீட்டில் பிறந்தவர்கள். மூத்தவர் பர்மியக் குடிமகனாக வாழ்ந்து டாலா சுடுகாட்டிலேயே வெந்து தணிந்தார். இளையவர் என் அப்பா. பிறந்த ஊரிலேயே அயல்நாட்டவர் என்று பதிவாகி, 1964-இல் கப்பலேறி, அதுவரை கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குத் ‘தாயகம் திரும்பியவர்’ ஆனார். இருவருக்கும் ரத்தம் ஒன்று, பேச்சு ஒன்று, குலசாமி ஒன்று. அவர்களைப் பிரித்தது ஒரு விண்ணப்பத் தாள்.

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. அந்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் வந்தேறிகளுக்கும் ஒரு வாசலைத் திறந்துவைத்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்து, 1942 தொடக்கத்துக்கோ விடுதலை நாளுக்கோ முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டு பர்மாவில் வாழ்ந்து, இனி இதுவே என் நாடு என்று சொல்லத் தயாராக இருந்தவர் விண்ணப்பிக்கலாம். பெரியப்பா அப்போது டாலா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அந்த ஆண்டு ஜூனில் பட்டறை வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து அரசாங்கத்தின் கைக்குப் போனது. சர்க்கார் வேலை நிலைக்க வேண்டுமென்றால் காகிதம் வேண்டும் என்று உடன் வேலை பார்த்த பர்மியர் ஒருவரே படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

அப்பா விண்ணப்பிக்கவில்லை. அப்பத்தா விடவில்லை. “ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டா ஊர்ல கெடக்கிற காணிய யாருடா பாக்குறது? ஒருத்தன் இங்கிட்டு இருக்கட்டும், ஒருத்தன் அங்கிட்டு இருக்கட்டும்” என்றாளாம். ஊர் என்று அவள் சொன்னது அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் மானாவாரி நிலமும் ஒரு கருப்பர் கோயிலும் உள்ள சிற்றூர். அந்தக் காணி ஒரு குடும்பத்துக்குக்கூடச் சோறு போடாது. இருந்தும், பிழைக்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைக்கக்கூடாது என்பது அவள் வாழ்ந்து கற்ற பாடம். அப்பத்தாவைப் போலவே பர்மாவில் பல்லாயிரம் வீடுகள் யோசித்தன. படிவம் புரியாதவர்கள் இருந்தார்கள். கட்டணத்துக்கும் நடைக்கும் அஞ்சியவர்கள் இருந்தார்கள். அனுப்பிவைக்கும் பணத்துக்கும் ஊர்ச் சொந்தத்துக்கும் குந்தகம் வருமோ என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். தயங்கியவர்கள் எல்லாரும் அயல்நாட்டார் பதிவுச் சான்று வாங்கி, வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு, பிறந்த வீட்டிலேயே வாழ்ந்தார்கள்.

ரங்கூனின் பான்சோடான் துறையில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் தெரிவதுதான் டாலா. இக்கரையில் வங்கிகளும் நீதிமன்றமும் துறைமுக அலுவலகமும் நெடிதுயர்ந்து நிற்க, அக்கரையில் தாழ்ந்த கூரைகளும் சேறும் மூங்கில் வேலியும் கிடக்கும். அந்தத் தாழ்ந்த கரையில்தான் இராவதி புளோட்டில்லா கம்பெனியின் பட்டறை இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய அந்தக் கம்பெனிக்கு 1920-களில் 600-க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆற்றில் ஓடும் தனியார் கப்பல்களில் உலகிலேயே பெரிய அணி அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேர் அதில் பயணம் செய்தார்கள். மேல் பர்மாவிலிருந்து தேக்கும் டெல்டாவிலிருந்து நெல்லும் அந்தக் கலங்களில்தான் வந்தன. சம்பான் படகு தள்ளியவர்கள் சிட்டகாங்காரர்கள். துறையில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். பட்டறையில் ரிவிட் அடித்தவர்களில் தமிழரும் இருந்தார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். மேஸ்திரி ஒருவரிடம் முன்பணம் வாங்கி, கப்பலின் மேல்தட்டில் கிடந்தே வந்து சேர்ந்தவர். முன்பணக் கடன் தீர்வதற்குள் காது பாதி செவிடாகிவிட்டது என்று அப்பத்தா சொல்வாள்.

டாலாவில் எனக்கு நினைவு தெளிந்தது குளத்தங்கரையில். கடல் ஏற்றம் உள்ளே வரும் ஊர் அது. கிணற்று நீர் உப்புக்கரிக்கும். மழைக்காலத்தில் நிரம்பும் குளங்களை நம்பித்தான் ஊரே கோடையைக் கழிக்க வேண்டும். குடிநீர்க் குளத்தில் குளிக்கக்கூடாது, துவைக்கக்கூடாது, செருப்போடு இறங்கக்கூடாது. கோடையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறப்பார்கள். தோளில் கழியைப் போட்டு இருபுறமும் தகர டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு பர்மியர், கரேன், தமிழர், சிட்டகாங்காரர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். எவ்வளவு மொள்ளலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. உன் தாத்தா எப்போது வந்தார் என்று அந்த வரிசையில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் டாலாவில் கோடையில் குடிநீர்ப் பஞ்சம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பர்மிய மூதாட்டி இருந்தார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவரை ‘அமே’ என்போம். அவர் வீட்டின் ஒரு மூலையில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்று தொங்கும். மகாகிரி என்ற நாட் தெய்வத்துக்கு உரியது அது. அரசன் ஒருவன் வலிமையான கொல்லன் மேல் அச்சம் கொண்டு அவனை மரத்தில் கட்டி எரித்தான், தங்கையும் அதே தீயில் பாய்ந்தாள், இருவரும் தெய்வமானார்கள் என்று அமே கதை சொன்னபோது, அதை எங்களுக்குத் தமிழில் சொன்ன அப்பத்தா துளியும் வியக்கவில்லை. “நம்ம மதுரைவீரன் மாதிரி, காத்தவராயன் மாதிரி. அநியாயமாச் செத்தவுகதான் சாமியாகுறாக” என்றாள். பர்மியர் வழிபடும் 37 நாட் தெய்வங்களில் பலர் இப்படிக் கொடுமையாக இறந்தவர்கள்தான். புத்தரிடம் வீடுபேற்றைக் கேட்பார்கள். தலைவலிக்கும் தொழிலுக்கும் நாட் தெய்வத்திடம் போவார்கள். பெருமாளைக் கும்பிட்டுவிட்டு முனியசாமிக்குச் சுருட்டு வைக்கும் எங்கள் வீட்டுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சூரியன் மேட ராசிக்குள் நுழைவதுதான் அவர்களுக்கும் புத்தாண்டு, எங்களுக்கும் புத்தாண்டு. ஏப்ரல் நடுவில் தெருவெல்லாம் திஞ்ஞான் தண்ணீர் விளையாட்டு நடக்கும்போது எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி தயாராகும். நனைந்த சட்டையோடு அமே வீட்டுப் பிள்ளைகள் வந்து பச்சடி தின்பார்கள். கார்த்திகை விளக்கை ஒட்டியே அவர்களுடைய தசாங்டைங் பௌர்ணமி விளக்கும் வரும். கருவாட்டு மணத்தில் வளர்ந்த எங்களுக்கு ஙப்பி என்ற மீன்விழுதின் மணம் அந்நியமில்லை. அவர்களும் நாங்களும் கைலிதான் கட்டினோம், வெற்றிலைதான் போட்டோம். எங்கள் அம்மா வெயிலுக்குத் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசுவாள். அவர்கள் காலையில் தோசை வாங்கித் தின்பார்கள். பண்பாட்டு நெருக்கம் பற்றிப் பின்னாளில் எத்தனையோ கட்டுரைகள் படித்தேன். அவை எல்லாம் சொல்ல வந்ததை அந்த ஒரு தெரு எனக்குச் சின்ன வயதிலேயே காட்டிவிட்டது.

ஆனால் அந்தத் தெருவில் கோபமும் இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஒரு நாட்டு மக்கள் தங்கள் தலைநகரிலேயே சிறுபான்மையாகிப் போனார்கள். ரங்கூன் அவர்களைக் கேட்டு அப்படி ஆகவில்லை. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆளப்பட்டது. வங்காள விரிகுடாவை யாரும் தடையின்றிக் கடந்து வந்தார்கள். நெல் மாவட்டங்களில் செட்டியார் கிட்டங்கிகள் கடன் கொடுத்தன. அந்தக் கடனில்தான் டெல்டாவின் காடும் சதுப்பும் கழனியாயின. 1930-ஐ ஒட்டி உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. கட்ட முடியாத கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கையிலிருந்த நிலம் 6 விழுக்காடு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காடு. கிட்டங்கிகள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, கடனுக்குப் பதிலாக வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பது உண்மை. பரம்பரை நிலம் போனவனுக்கு அந்த விளக்கம் ஆறுதலாகாது என்பதும் உண்மை.

துவாண்டே போகும் வழியில் அமேயின் அப்பாவுக்கு இருந்த நிலமும் அப்படித்தான் போனது. அப்பத்தா இதை எனக்குச் சென்னையில் வைத்துத்தான் சொன்னாள். 1930 மே மாதம் துறைமுகத் தொழிலாளர் தகராறு கலவரமாகி ரங்கூன் தெருக்களில் இந்தியத் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மேஸ்திரிக்குக் கடன்பட்டுச் செத்துப் பிழைத்த ரிவிட் கூலியும் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டி எழுதியவரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே முகமாகத் தெரிந்தார்கள். 1938-இல் மறுபடியும் கலவரம். அப்படியிருந்தும், 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது எங்கள் குடும்பத்தை மாட்டு வண்டியில் ஏற்றித் தன் அண்ணன் வீட்டு நெற்குதிருக்குப் பின்னால் தங்கவைத்தது அமேதான். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்போது மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள். பல்லாயிரம் பேர் பசியிலும் பேதியிலும் மலேரியாவிலும் வழியிலேயே மாண்டார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா அந்த நடையைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். எங்கள் தாத்தா நடக்கவில்லை. நிலத்தைத் தமிழரிடம் இழந்த ஒரு வீடு தமிழருக்கு அடைக்கலம் கொடுத்ததால் நடக்காமல் தப்பினார்.

1962 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்பா அப்போது ஆற்றைத் தாண்டி முகல் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் தேசியமயமாயின. ஒரு நாள் காலையில் அப்பா போனபோது கடை வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். சாவியையும் பேரேட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பழைய பெயர்ப்பலகை இருந்த இடத்தில் மக்கள் கடை என்று எண் போட்ட பலகை ஏறியது. மே 17 அன்று 50, 100 கியாத் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின. வேலைக்கு உரிமம் வேண்டும் என்றார்கள். உரிமத்துக்குக் குடியுரிமை வேண்டும் என்றார்கள். குடியுரிமைக்கான வாசல் அடைபட்டிருந்தது. இதெல்லாம் இந்தியருக்கு எதிராக மட்டும் செய்யப்பட்டதல்ல, பர்மிய வணிகர்களும் சீனர்களும் இழந்தார்கள். ஆனால் பர்மிய வணிகர்களுக்கு இழந்த பிறகும் இருக்க ஒரு நாடு இருந்தது. அப்பாவின் சான்றிதழ் அவருக்கு வேறு நாட்டைக் காட்டியது.

ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் எங்களைப் போலப் பர்மாவிலேயே பிறந்தவர்கள்.

கப்பல்துறைச் சோதனையில் நகை கொண்டுபோக விடமாட்டார்கள், தாலியைக்கூட விடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மா முந்தின இரவே தாலியைக் கழற்றிப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டாள். காலையில் சம்பானில் ஏறினோம். பெரியப்பா கூடவே ரங்கூன் துறை வரை வந்தார். பெரியப்பாவும் அப்பாவும் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அமே எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். வறுத்த கடலையும் பனைவெல்லமும். கப்பல் நகரும்போது அப்பத்தா எந்தப் பக்கம் பார்த்தாள் என்று எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. ரங்கூனின் கோபுரங்களையோ ஷ்வேடகனையோ அவள் பார்க்கவில்லை. தன் புருஷனை எரித்த டாலாக் கரையைப் பார்த்தபடி நின்றாள்.

சென்னையில் எங்களுக்குக் கிடைத்ததை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் இறங்கியதும் பெயர் எழுதினார்கள். முகாமில் சோறு போட்டார்கள். தொழில் தொடங்கக் கடன் கொடுத்தார்கள். இந்தியாவைப் பார்த்தேயிராத எங்களுக்கு முதல் நாளிலிருந்தே இந்தியா எங்களுடையது என்று எழுதித் தந்தார்கள். காணி என்று அப்பத்தா நம்பியிருந்த நிலம் பங்காளிகள் கையில் எப்போதோ கலந்துவிட்டிருந்தது. வியாசர்பாடியில் குடிசை போட்டோம். பள்ளிக்கூடத்தில் என்னைப் ‘பர்மாக்காரன்’ என்றார்கள். டாலாவில் இந்தியனாக இருந்தவன் சென்னையில் பர்மாக்காரன் ஆனேன்.

கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்து, நடைபாதையோரம், 1969-இல் பர்மா பஜார் உருவானது. அப்பா அங்கே ஒரு கடை வைத்தார். பின்தெருக்களில் எங்கள் பெண்கள் தள்ளுவண்டியில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் பிசைந்தார்கள். புளிக்கரைசலும் வறுத்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் விட்டு, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டு, வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக் கொடுத்தார்கள். முதலில் நாங்கள் மட்டும்தான் சாப்பிட்டோம். பிறகு சுமைதூக்குவோர் வந்தார்கள், ரயில்வே ஊழியர்கள் வந்தார்கள், இன்று சென்னையே வருகிறது. எங்கள் மேல் இருந்த ‘பர்மா’ என்ற சொல்லைச் சென்னை முதலில் நாவால்தான் ஏற்றுக்கொண்டது.

எல்லாராலும் இங்கே வேர் பிடிக்க முடியவில்லை. சிலர் சென்னையை விட்டு ரயிலேறி மணிப்பூர் போய், எல்லையைக் கால்நடையாகக் கடந்து பர்மாவுக்கே திரும்ப முயன்றார்கள். பர்மிய ராணுவம் திருப்பி அனுப்பியது. முன்னும் போக முடியாமல் பின்னும் வர மனமில்லாமல் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கினார்கள். அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் எழுப்பினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள். இந்தியாவின் கிழக்கு வாசலில் ஒரு தமிழ்த் தெரு இருப்பதற்குக் காரணம், பிறந்த மண்ணுக்குத் திரும்பிப் போக நினைத்த ஆசை.

நான் திரும்பிப் போனது 2010-களின் நடுவில். அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பான்சோடான் துறையில் சம்பானுக்குப் பதில் ‘செர்ரி’ என்ற பெயர் கொண்ட படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜப்பான் 2014-இல் கொடையாகக் கொடுத்த மூன்று படகுகள். சீட்டுக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்து உள்ளூர்க்காரன் என்றெண்ணிப் பர்மிய மொழியில் பேசினார். என் பத்து வயதுப் பர்மிய மொழியில் நானும் பதில் சொன்னேன். கையில் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அயல்நாட்டவருக்கான இடத்தைக் காட்டினார். உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு, ஜப்பானியருக்கு மட்டும் இலவசம். படகு தந்த நாட்டுக்கு நன்றி காட்டுவது நல்ல பண்பு. அந்த நன்றியை நான் மதித்தேன். அதே சமயம், இதே ஆற்றில் ஓடிய நூற்றுக்கணக்கான கலங்களுக்கு ரிவிட் அடித்துக் காதை இழந்தவரின் பேரன் என்ற எண்ணம் எழுவதை என்னால் தடுக்க முடியவில்லை. அரசுகள் தரும் கொடை ஏட்டில் ஏறுகிறது. கூலிகள் தந்த உழைப்பு எந்த நாட்டின் ஏட்டிலும் ஏறவில்லை.

துறையில் பெரியப்பா மகன் நின்றிருந்தார். “தம்பி” என்று ஒரு சொல். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அண்ணனுக்கு இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, அலுவலகத்தில் பர்மியப் பெயர் ஒன்று. தனியார் பள்ளிகள் தேசியமயமான பிறகு தமிழ்ப் படிப்பு கோயில் திண்ணைகளுக்குப் போய்விட்டது. அண்ணன் தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவர் பிள்ளைகள் பேசுவதோடு சரி. அம்மாவின் தாலியைப் பற்றிச் சொன்னார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகளும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு வீட்டில் இருந்ததெல்லாம் வெறும் தாளானபோது பெரியம்மா அதை விற்றுத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடிதத்தில் செய்தி வந்த அன்று அம்மா, “எங்க போனா என்ன, வீட்டுக்குத்தான ஆச்சு” என்றது எனக்கு நினைவிருந்தது. அதை அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் தன் குடியுரிமை அட்டையைக் காட்டினார். இனம் என்ற இடத்தில் இந்தியர், மதம் என்ற இடத்தில் இந்து. அவர் இந்தியாவை ஒரு நாளும் பார்த்ததில்லை. 1982 அக்டோபரில் வந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று படிகளாகப் பிரித்தது: முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை பெற்றவர்கள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிற அட்டைகள். பிறப்பால் குடிமக்கள் என்பதற்கு அளவுகோல் 1823. அதற்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்த இனங்கள் என்று 135 இனங்களை அரசு ஏற்றிருக்கிறது. தமிழர் அதில் இல்லை. 1948-இல் பெரியப்பா கையெழுத்துப் போட்ட புண்ணியத்தில் அண்ணனுக்கு இளஞ்சிவப்பு. அண்ணியின் தம்பி குடும்பத்துக்குப் பச்சை. அந்த வீட்டுப் பெண் நன்றாகப் படித்தும் மருத்துவக் கல்லூரியை எட்டிப் பார்க்க முடியவில்லை என்று அண்ணி சொன்னார். அதே குளத்தில் நீர் மொண்டு வளர்ந்த பிள்ளை அவள்.

1823 என்ற கோட்டை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 1824-இல் தொடங்கிய முதல் ஆங்கிலேய-பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டு அது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த கூட்டம் வேறு, மண்ணின் மக்கள் வேறு என்பது அதன் கருத்து. ஆனால் பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்து வணிகரான குலசேகர நம்பி, பகானில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் எடுத்து விளக்கு வைத்ததைச் சொல்கிறது அது. ஒரு விண்ணகரமும் அதற்கு ஓர் ஊர்க்கூட்டமும் அங்கே இருந்திருக்கிறது. அந்த வணிகரின் வழிவந்தவர்கள் எங்கே? கலந்துவிட்டார்கள். பர்மியராகிவிட்டார்கள். முழுதும் கலந்தவர்களை யாராலும் அடையாளம் காண முடியாது. அடையாளம் காண முடிகிறவர்களை நேற்று வந்தவர்கள் என்கிறோம். எந்த நாட்டிலும் வந்தேறி என்று எண்ணப்படுபவர் கடைசியாக வந்தவர்தான். முன்னால் வந்தவர்கள் எல்லாரும் மண்ணின் மைந்தர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இன்று யாங்கூன் எனப்படும் ரங்கூனிலேயே பகதூர் ஷா ஜாபரின் அடக்கத்தலம் இருக்கிறது. கடைசி முகலாய அரசர் 1862-இல் அங்கே சிறைவாசத்தில் இறந்தார். பர்மிய முஸ்லிம்கள் அவரை இறைநேசராகக் கொண்டாடுகிறார்கள். கடைசிப் பர்மிய அரசர் தீபா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் 1916-இல் இறந்து அங்கேயே கிடக்கிறார். இரு நாடுகளும் ஒன்றன் அரசரை மற்றொன்று மண்ணுக்குள் வைத்துக் காத்துவருகின்றன. நாம் தினமும் தின்னும் இட்லியின் உளுந்தில் ஒரு பங்கு மியான்மர் உழவர் விளைவித்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து வாங்க 2021-இல் இந்தியா உடன்பாடு செய்துகொண்டது. செட்டிநாட்டு வீடுகளைத் தாங்குவது பர்மாத் தேக்கு. பொருளும் தெய்வமும் கதையும் எல்லை கடக்கையில் யாரும் மறிப்பதில்லை. மனிதர்கள் கடக்கையில்தான் எப்போது வந்தாய் என்ற கேள்வி எழுகிறது.

2021 பிப்ரவரியில் மறுபடியும் ராணுவ ஆட்சி வந்தபின் அண்ணனிடம் தொலைபேசியில் பேசுவதே அரிதாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைச் செயல்படுத்தினார்கள். 18 முதல் 35 வயது ஆண்கள் போக வேண்டும். அண்ணன் பேரனுக்கு அந்த வயது. கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் இந்தியர் என்று தள்ளி நிறுத்தப்படும் வம்சத்தின் பிள்ளை, துப்பாக்கி தூக்க மட்டும் குறைவில்லாத குடிமகனாகிறான். நாடு ஒருவனிடம் உயிரையே கேட்கும்போது, அவனுக்கு முழு இடம் தராமல் கேட்பது அறமில்லை.

அதே ஆண்டுகளில் சின் மாநிலத்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் எல்லை தாண்டி மிசோரத்துக்கு வந்தார்கள். உள்ளே விட வேண்டாம் என்று தில்லி சொல்லியும் மிசோ மக்கள், இவர்கள் எங்கள் உறவு என்று சொல்லி, வீட்டையும் தேவாலயத்தையும் பள்ளியையும் திறந்துவிட்டார்கள். 1941-இல் அமே செய்ததும் அதுதான்.

தமிழ்நாட்டில் நாம் என்ன செய்கிறோம் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களாக வாழ்கிறார்கள். 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், வீடு கட்டித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த முகாம்களில் பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இங்கே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்கள் பெரும்பாலும் இன்னும் குடிமக்கள் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாட்டாரை மட்டும் எண்ணியது. இலங்கையை எண்ணவில்லை. இந்தியாவில் கால் வைத்தேயிராத என்னை முதல் நாளில் இந்தியன் என்று ஏற்ற இந்த நாடு, இங்கேயே பிறந்து முப்பது வயதான ஒருவரை அகதி என்கிறது.

குடியுரிமைக்கு வரம்பு வேண்டும் என்பதை ஒப்புகிறேன். 1931-இன் ரங்கூன் போல ஒரு நாட்டு மக்கள் தங்கள் ஊரிலேயே ஒதுங்கும் நிலை எங்கும் வரக்கூடாது. அந்த அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு, வரும் வழியை முறைப்படுத்துவது, கடன்பட்டவனின் நிலத்தைக் காப்பது, கூலியைச் சுரண்டும் மேஸ்திரியைத் தடுப்பது. வந்து வேரூன்றியவரின் பேரப்பிள்ளையைத் தாழ்ந்த படியில் நிறுத்துவது எந்தக் காலத்திலும் தீர்வாகாது. 1948-இல் பர்மா எழுதிய முதல் சட்டத்தில் நல்ல மனம் ஒன்று இருந்தது. எட்டு ஆண்டு இங்கே வாழ்ந்தாயா, இனியும் இங்கே வாழ விரும்புகிறாயா என்று அது கேட்டது. இரண்டுமே ஒரு மனிதன் தன் வாழ்க்கையைக் காட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். 1982-இன் சட்டம் அவன் முப்பாட்டனைத் தேடிப் போனது. மியான்மரிலும் இந்தியாவிலும் சட்டம் எழுதுகிறவர்கள் அந்த முதல் இரண்டு கேள்விகளுக்குத் திரும்ப வேண்டும். அவற்றுக்கு ஆம் என்று சொல்கிறவருக்கு முழுக் குடியுரிமை தர வேண்டும், எந்தப் படியும் எந்த நிறமும் இல்லாமல்.